காய், பயறு தொடாத குழந்தைய எப்படி சாப்பிட வைக்கிறது?

அஞ்சு வயசுப் பொண்ணு காய் பயறு எதையும் தொடமாட்டேங்கறான்னு கேட்டிருந்தீங்க, கெஞ்சுறத விட்டுட்டு அவளையே பச்சைப்பயறு முளைக்கட்ட விடுங்க. ராத்திரி ஒரு கை பயற அள்ளி தண்ணில ஊறப் போடட்டும், காலைல வடிச்சு ஈரத்துணில கட்டி துணி காயாம பாத்துக்கிட்டா மறுநாள் குட்டி வால் மாதிரி முளை விட்டிருக்கும், அதப் பாக்க அவளே ஓடி வருவா, முளைக்கும்போது விட்டமின் சி-யும் கூடுது. ஆவில நல்லா வேகவெச்சே குடுங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு பச்சையா வேணாம், கிருமி இருக்கலாம். கேரட் துருவல், தேங்கா, எலுமிச்ச சாறு எல்லாம் அவளே கலக்கட்டும், தாளிக்கிறது மட்டும் நீங்க. கீரை ஆயறது, பட்டாணி உரிக்கிறதும் இந்த வயசுக்கு வரும். கிச்சன் குப்பையாகும்தான், ப்ளீஸ் திட்டிராதீங்க, திட்டினா அதோட போச்சு. முதல் நாள் ஒரே ஒரு பயற வாய்ல போட்டுப் பாத்தாலே போதும், பின்னாடியே நின்னு சாப்புடு சாப்புடுன்னு சொல்லாதீங்க.