பஸ் கோ ஆல்ரெடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

தாய்லாந்தில் நீங்கள் ஆங்கில ஆசிரியையாக இருந்த நான்கு வருடங்களைப் பற்றி எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 27 வயது. கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. பிறகு எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். மூன்று வருடமாக ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 14,000. சென்னையில் ஒரு ஏஜென்ட், தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, மாதம் 80,000 ரூபாய் என்கிறார். ஒன்றரை லட்சம் கட்ட வேண்டுமாம். “டூரிஸ்ட்டாப் போயிருங்க, அங்க போயி விசாவ மாத்திக்கலாம்” என்கிறார். ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆன்லைன் சான்றிதழும் இரண்டே நாளில் வாங்கித் தருவாராம்.

ஆனால் நான் பார்த்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்றுதான் இருக்கிறது. நான் நன்றாகப் பேசுவேன், எழுதுவேன். ஆனாலும் எனக்கு ஆங்கிலத்தில் கனவு வராது அக்கா. என்னிடம் ஆங்கிலம் படிக்க யார் வருவார்கள்? அப்பா வேறு, “நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கே இங்கிலீஷ் சொல்லித்தர ஆளக் காணோம், நீ அங்க போயி யாருக்குச் சொல்லித்தரப் போற?” என்கிறார். போகலாமா, வேண்டாமா?

அன்புடன்,
ம.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

*

அன்புள்ள ம.,

முதலில் அவசரமான விஷயம். அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டாதீர்கள். முன்பணம் என்று ஏதாவது கொடுத்திருந்தால், போனது போகட்டும், மேற்கொண்டு கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் கேட்டதும் பேச்சை மாற்றுகிறாரா என்று பாருங்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தாய்லாந்தில் வேலை என்று நம்பி விமானம் ஏறிய நம் பிள்ளைகள் பலரை மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கூட்டிப்போய், மோய் ஆற்றைக் கடக்க வைத்து, மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் ஒப்படைத்தார்கள். 2022-இல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் ஐநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது. அவர்களுக்குக் காட்டிய ஆசை கம்ப்யூட்டர் வேலை. உங்களுக்குச் சொல்வது ஆசிரியர் வேலை. ஆனால் ‘டூரிஸ்ட்டாப் போயிருங்க’ என்ற அந்த ஒரு வாக்கியம் இரண்டிலும் இருக்கிறது.

ஒழுங்கான பள்ளி எப்படி அழைக்கும் தெரியுமா? உங்களை நேரில் பார்க்காவிட்டாலும் வீடியோவில் பேசும். பிறகு தன் பெயரில் கடிதம் அனுப்பும். அதை வைத்து, நீங்கள் இந்தியாவில் இருக்கும்போதே வேலைக்குப் போகிறவர்களுக்கான ‘நான்-இமிகிரன்ட் பி’ விசாவுக்கு விண்ணப்பிப்பீர்கள். போனபிறகு வேலை அனுமதி எடுக்க வேண்டும். அங்கே போய் விசாவை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை அனுமதி கைக்கு வராமல் வகுப்பில் நின்றால் அது சட்டவிரோதம். பிடிபட்டால் ஏஜென்ட் வரமாட்டார், நீங்கள்தான் நிற்க வேண்டும். வெளிநாட்டு ஆசிரியருக்கு அங்கே ஆசிரியர் மன்றத்தின் ஒப்புதலும் தேவை. அதன் பெயர் ‘குருசபா’. நம்முடைய குருவும் சபையும்தான். அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது, ஏதோ சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது எனக்கு.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் மனசைப் பிடித்துக்கொண்டது ‘எனக்கு ஆங்கிலத்தில் கனவு வராது’ என்ற வரி.

எனக்கும் வராது. நான் வேலை பார்த்தது ஈசான் எனப்படும் வடகிழக்குத் தாய்லாந்தில், கோன் கேனிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில். 2014-இலிருந்து 2018 வரை. அங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது லாவோ மொழியின் ஒரு வடிவம். பாங்காக்கின் தாய்லாந்து மொழியே அவர்களுக்குப் பள்ளியில் படித்த மொழிதான். ஆங்கிலம் மூன்றாவது.

முதல் மாதம் எட்டாம் வகுப்பு, 48 பிள்ளைகள். நம் ஊரில் நடத்துவது போலவே இறந்தகால வினைச்சொற்களைப் பலகை முழுக்க எழுதி, ஐம்பது நிமிடம் விளக்கினேன். எல்லாரும் அடிக்கோடு போட்டு, கலர் பேனாவில் அழகாக எழுதிக்கொண்டார்கள். புரிந்ததா என்றேன். “யெஸ், டீச்சா” என்று வகுப்பே சொன்னது. முன்வரிசைப் பையனிடம், நேற்று எங்கே போனாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எழுந்து நின்று, “ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ, அண்ட் யூ?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பதிலில் தப்பு தெரியவில்லை. அன்று இரவு தூக்கமே இல்லை.

மறுநாள் மதியம் பப்பாளிக்காய் சாலட்டை நடுவில் வைத்துச் சாப்பிடும்போது, என்னைவிட இருபது வயது மூத்த ஒரு தாய்லாந்து ஆசிரியை விளக்கினார். ‘கிரெங் ஜாய்’ என்று அங்கே ஒன்று உண்டு. பிறருக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாதே என்ற தயக்கம். புரியவில்லை என்று சொன்னால் ஆசிரியரின் முகம் வாடுமே என்று அந்தப் பிள்ளைகள் ஆமாம் சொல்லியிருக்கிறார்கள். “நீ பேசுவதைக் குறை, அவர்கள் ஏதாவது செய்யட்டும்” என்றார்.

அப்போதுதான் பி.எட்.டில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது: ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு. 1979-இலிருந்து 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பக்கத்துப் பள்ளிகளில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பரிசோதனை செய்தார்கள். இலக்கணத்தை விளக்காமல், ரயில் அட்டவணை, வரைபடம் இவற்றைக் கொடுத்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொன்னார்கள். மொழி அந்த வேலைக்கு நடுவில் வந்து சேரும் என்பது அவர் கணிப்பு. ‘டாஸ்க்’ வழிக் கற்பித்தல் என்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்களுக்கு இன்று சொல்லித்தரப்படுவதற்கு வேர் அங்கே இருக்கிறது, நம் சாதாரணப் பள்ளிகளில். இதைக் கடலூர்க்காரர்களிடமே சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

ஊர் பஸ் நிலையத்தில் போய் பாங்காக் பஸ் நேரங்களை எழுதி வந்தேன். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தேன். ஒருத்தர் கையில் அட்டவணை. மற்றவர் கையில் பயணியின் பிரச்சினை: பாட்டி காலை ஒன்பதுக்குள் பாங்காக் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், எந்த பஸ்? ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, ஆங்கிலத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஐந்து நிமிடம் முணுமுணுப்பு. பிறகு, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், தோழியின் கையை உதறிவிட்டுக் கத்தினாள்: “நோ! பஸ் கோ ஆல்ரெடி!”

ம., அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். பரீட்சைத் தாளில் அதற்கு சுழி. ஆனால் அவள் என்ன செய்திருக்கிறாள்? தாய்லாந்து மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. போவதற்கு நேற்றும் ‘பை’, இன்றும் ‘பை’, நாளைக்கும் ‘பை’. ஒரு செயல் முடிந்துவிட்டது என்று காட்ட, பின்னால் ‘லேவ்’ சேர்ப்பார்கள். அந்த ‘லேவ்’தான் அவள் வாயில் ‘ஆல்ரெடி’ ஆனது. நாம் ‘போயிருச்சு’ என்கிறோமே, அதில் ‘இருச்சு’ செய்கிற அதே வேலை. பஸ் போனது வேறு, பஸ் போயிருச்சு வேறு. அந்த வித்தியாசம் நம் காதுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதற்கு இடம் எங்கே என்று நாமும் ஒருநாள் தேடிக் கண்டுபிடித்துத்தான் வந்தோம். அதனால் அவள் தேடுவது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. “தி பஸ் ஹேஸ் ஆல்ரெடி கான்” என்று திருப்பிச் சொன்னேன். அவளுடைய ‘ஆல்ரெடி’யைப் பத்திரமாக உள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னேன். மறுமுறை அவளே சொன்னாள்.

ஒலிகளும் அப்படித்தான். ஸ்கூல் அவர்களுக்கு ‘சகூன்’, நமக்கு ‘இஸ்கூலு’. இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து முட்டும்போது அவர்கள் நடுவில் ஓர் உயிரெழுத்தை வைக்கிறார்கள், நாம் முன்னால் வைக்கிறோம். சொல்லின் கடைசி ‘ல்’ அவர்களுக்கு ‘ன்’ ஆகும். காரணம் தெரிந்தவள் பிள்ளையைத் திட்டமாட்டாள்.

ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் நன்றாக நடத்துவதில்லை என்று சொல்ல வரவில்லை. என் பள்ளியிலேயே மிக நல்ல ஆங்கிலேய ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஆனால் அவரே என்னிடம் வந்து, இது ஏன் இப்படி வருகிறது என்று கேட்பார். தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்பது ஆதாரமில்லாத நம்பிக்கை என்று மொழி ஆய்வாளர் ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே எழுதிவிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த நம்மவர் சுரேஷ் கனகராஜா, மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கி வைத்தவற்றையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் புத்தகத்துக்கும் அவர்கள் வாழ்க்கைக்கும் இருந்த தூரத்தை அதில் படித்தார். அவரைத் தேடி வாசியுங்கள். உங்களுக்கு முதுகு நிமிரும்.

ஆனால் கல்விப்புலம் முடிவு செய்துவிட்டதை சந்தை ஏற்பதில்லை. அது உங்களுக்கு வலிக்கும், மறைக்க விரும்பவில்லை. பாங்காக்கில் ஒரு பள்ளி என்னிடம் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசி, அடுத்த வாரமே சேரச் சொன்னது. புகைப்படம் கேட்டார்கள், அனுப்பினேன். பெற்றோர் வேறு மாதிரி எதிர்பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. ஈசானில் என் சம்பளம் 22,000 பாத், அன்றைக்கு ஏறக்குறைய 44,000 ரூபாய். அதே வகுப்புகளை எடுத்த வெள்ளைக்கார ஆசிரியருக்கு 38,000 பாத். பிலிப்பைன்ஸ் ஆசிரியைகளுக்கு என்னைவிடக் குறைவு, அவர்கள் உழைப்போ எல்லாரையும்விட அதிகம். இதை அநியாயம் என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அங்கே வெள்ளைக்காரர் ‘ஃபரங்’, நம் ‘பரங்கி’யின் உடன்பிறப்பு. நாம் ‘கேக்’. அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்று அர்த்தம். சிலர் அன்பாகச் சொல்வார்கள், சிலர் இளக்காரமாக. நாலு மாதத்தில் தொனி பிடிபடும்.

உங்களிடம் பி.எட். இருப்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நான்கு வார, 120 மணி நேர செல்டா போன்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ்ப் படிப்புகளின் தொடக்கம் 1962-இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் நடத்திய இரண்டு வாரப் பயிற்சி. ஆங்கிலம் தெரியும், கற்பிக்கத் தெரியாது என்பவர்களை வகுப்புக்குத் தயார்செய்த பயிற்சி அது. செல்டாவில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நடத்திக் காட்ட வேண்டும். நீங்கள் மூன்று வருடம் நடத்தியிருக்கிறீர்கள். இரண்டு நாள் சான்றிதழ் உங்களுக்கு எதற்கு? அந்தக் காசில் ஆங்கிலத் திறனை அளக்கும் டோயிக் தேர்வு எழுதுங்கள். தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்களிடம் அதில் 600 மதிப்பெண்ணுக்கு மேல் கேட்பது அங்கே வழக்கம். நீங்கள் எழுதியிருக்கும் தரத்துக்கு அதைத் தாராளமாகத் தாண்டுவீர்கள். மாலத்தீவையும் பாருங்கள். இந்திய ஆசிரியர்கள் பல வருடங்களாக அங்கே அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள், பி.எட்.டுக்கு அங்கே மதிப்பு உண்டு.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அவரிடம் வாதாடாதீர்கள். நான் போனபோது என் அம்மாவும் இதையேதான் கேட்டார். முதல் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, பள்ளியில் ‘வாய் க்ரூ’, குருவை வணங்கும் நாள். பிள்ளைகள் முழங்காலில் நடந்துவந்து ஆசிரியர்களுக்கு மலர்த்தட்டு தந்தார்கள். தட்டில் என்ன இருந்தது தெரியுமா? இட்லிப்பூ, கத்தரிப்பூ, அறுகம்புல். இட்லிப்பூவின் மொட்டு போலக் கூர்மையான புத்தி, அறுகு போலப் பரவும் கல்வி, கத்தரிப்பூ போலத் தலைகுனிந்த பணிவு என்று பொருள் சொன்னார்கள். நம் வீட்டுப் பின்கட்டில் இருக்கிற மூன்றும்! அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அறுகம்புல்லா?” என்றார். அதற்குப் பிறகு திரும்பி வா என்று அவர் சொல்லவில்லை.

2018-இல் நானாகத்தான் திரும்பி வந்தேன். இப்போது திருநெல்வேலியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோவில்பட்டி பஸ் அட்டவணையைக் கொடுத்து அதே பாடத்தை நடத்துகிறேன். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் ஆசிரியையாகப் போங்கள், ஆசிரியை விசாவில் போங்கள். அங்கே இரண்டாம் பருவம் நவம்பரில் தொடங்கும், புதிய கல்வியாண்டு மே நடுவில். மே மாதத்தைக் குறி வையுங்கள், நிதானமாகச் செய்ய நேரம் இருக்கும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவல்துறை நற்சான்றுக்கு விண்ணப்பியுங்கள். எம்.ஏ., பி.எட். மூலச் சான்றிதழ்கள் கையில் இருக்கின்றனவா, பள்ளியில் பிடித்து வைத்திருக்கிறார்களா? பிடித்து வைத்திருந்தால் முதலில் அவற்றை மீட்க வேண்டும், எனக்கு எழுதுங்கள். பள்ளிகளிடமிருந்து அழைப்பு வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அக்கா