சுவரில் மாட்டவா, காட்டுக்குக் கொண்டுபோகவா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கிரௌஸ் பறவை வேட்டை பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் மிச்சிகனில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், ஹெச்1பி விசா. பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகிறார். அவருடைய அப்பா வைத்திருந்த 12 போர் (bore, குழலின் உள்ளளவு) இரட்டைக்குழல் துப்பாக்கியை எனக்குத் தர ஆசைப்படுகிறார். எல்.சி. ஸ்மித் என்று பெயர் இருக்கிறது. குழல் இரண்டிலும் சுருள் சுருளாகக் கோலம், பக்கத் தகட்டில் நாயும் பறவையும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் "இதெல்லாம் சுவரில் மாட்டுகிற சரக்கு, சுட்டால் விரல் போய்விடும்" என்றார். இன்னொருவர் "நூறு வருஷமாகச் சுடுகிறது, இனியும் சுடும்" என்கிறார். யார் சொல்வது சரி?

ஊரில் என் தாத்தாவிடமும் ஓர் இரட்டைக்குழல் இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பீரோ மேலேயே கிடந்து கடைசியில் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். அந்த ஞாபகம்தான் என்னை இழுக்கிறது போலிருக்கிறது. என் மனைவி கேட்கிற கேள்வி வேறு. "ஒரு பறவையைக் கொல்ல இவ்வளவு வேலைப்பாடு எதற்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் விசாவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். ஹெச்1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது, நண்பன் கூப்பிட்டான் என்று வார இறுதியில் சுடும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடியுங்கள். மிச்சிகனில் 1960-இலோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் அது கட்டாயம். அப்புறம் உரிமம் எடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே நீளத் துப்பாக்கி கைமாறுவதற்கும் அனுமதி வேண்டும், ஆகவே உங்கள் விசாவைச் சொல்லி உள்ளூர்க் காவல் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறும்வரை துப்பாக்கி பெரியவர் வீட்டிலேயே இருக்கட்டும். மனம் நிறைந்து கொடுக்கிற ஒரு பரிசு உங்கள் விசாவுக்கு வினையாகிவிடக் கூடாது.

சரி, கடைக்காரர்களுக்கு வருவோம். இரண்டு பேர் சொன்னதையும் நம்பாதீர்கள். இருவருமே குழலை அளக்கவில்லை, கோலத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் பயந்தார், இன்னொருவர் பெயரைப் பார்த்துவிட்டு நம்பினார், அவ்வளவுதான். பழைய துப்பாக்கி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் இது. அளந்து பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அந்தக் கோலத்துக்கு டமாஸ்கஸ் என்று பெயர். இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் ஒட்டவைத்து, நீட்டி, கயிறு திரிப்பதுபோலத் திரித்து, அப்படித் திரித்த இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து ஓர் இரும்புத் தண்டின் மேல் சுற்றி, சுற்றுக்குச் சுற்று சுத்தியலால் அடித்து ஒட்டுவார்கள். கடைசியில் அமிலம் பட்டதும் இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமுமாகப் பிரிந்து தெரியும். உங்கள் குழலில் தெரிகிற ஒவ்வொரு சுருளும் ஒரு திரிப்பு. இந்த வேலைக்குப் பேர்போன இடம் பெல்ஜியத்தில் லீஜ் நகரை ஒட்டிய வெஸ்ட்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் குழல்களை வரவழைத்தன. 1914-இல் ஜெர்மன் படை லீஜுக்குள் நுழைந்ததோடு அந்த வரத்தும் நின்றது. அதற்கு முன்பே வார்த்த எஃகுக் குழல் வந்து, மலிவாகி, இதை ஓரங்கட்டத் தொடங்கியிருந்தது.

நல்ல கம்பெனியின் நல்ல டமாஸ்கஸ் குழல், சுவர் தடிமன் குறையாமல் இருந்தால், அதன் காலத்துத் தோட்டாவுக்கு இன்றும் தாங்கும் என்பதே என் எண்ணம். டமாஸ்கஸ் என்றாலே வெடித்துவிடும் என்பது தோட்டாப் பெட்டிகளில் அச்சிட்ட எச்சரிக்கை வாக்கியம் வாய்வழியாக வளர்ந்த கதை. வெடித்த பழைய குழல்கள் பலவற்றுக்குக் காரணம் வேறாக இருக்கும். உள்ளே துரு அரித்த குழிகள், அந்தக் குழிகளை மறைக்க யாரோ உள்ளே தேய்த்து மெலிந்துபோன சுவர், முனையில் அடைத்துக்கொண்ட சேறோ பனியோ, இல்லையென்றால் தவறான தோட்டா. 20 போர் தோட்டா 12 போர் தோட்டாவைவிடச் சிறியது, 12 போர் குழலுக்குள் வழுக்கிப்போய்க் கொஞ்சம் தள்ளிச் சிக்கிக்கொள்ளும். பின்னால் பார்த்தால் அறை, அதாவது தோட்டா உட்காரும் இடம், காலியாகத்தான் தெரியும். அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் புத்தம்புது எஃகுக் குழலும் பிளந்துவிடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று வைத்ததே இதற்காகத்தான். இரண்டு அளவுத் தோட்டாவையும் ஒரே சட்டைப் பையில் போடுகிறவரோடு நான் காட்டுக்குப் போவதில்லை.

இதைவிட நைசாக ஏமாற்றும் ஒரு சங்கதி உண்டு. இன்றைய 12 போர் தோட்டா இரண்டேமுக்கால் அங்குலம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அறையின் நீளம் அதைவிடக் குறைவு, இரண்டரை அங்குலம்கூட இருக்கும். ஆனால் கடையில் வாங்கிய தோட்டா அதில் சுகமாக உள்ளே போகும், துப்பாக்கியும் பூட்டிக்கொள்ளும். ஏனென்றால் தோட்டாவின் அளவு என்று பெட்டியில் போட்டிருப்பது சுட்ட பிறகு அதன் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும். "உள்ளே போச்சே, அப்போ சரிதானே" என்கிற பேச்சு இங்கே செல்லாது.

அமெரிக்காவில் பிரிட்டனைப்போல அரசு ஆதரவுள்ள குழல் சோதனைக் கூடம் இருந்ததில்லை. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637-இலேயே பட்டயம், பர்மிங்ஹாமுக்கு 1813-இல் தனிச் சட்டம். ஆங்கிலத் துப்பாக்கி என்றால் குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரையைப் படித்துச் சில விவரங்கள் தெரிந்துகொள்ளலாம். உங்களுடையது கம்பெனி வார்த்தையை மட்டும் நம்பி வந்தது, ஆகவே நீங்கள்தான் சோதிக்க வேண்டும். இரட்டைக்குழல் தெரிந்த ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொண்டுபோகச் சொல்லுங்கள், பெரியவரே கொண்டுபோகட்டும், நீங்கள் கூடப் போங்கள். அவர் முதலில் குழலைக் கழற்றி, கீழே இருக்கிற கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மரக்கட்டையால் லேசாகத் தட்டுவார். கணீரென்று ஒலித்து நீள வேண்டும். டொக்கென்று அடங்கினால் இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. பிறகு சுவர் தடிமன். அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. அது இல்லாமல் டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு "நன்றாயிருக்கு" என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பளபளக்கிற உட்புறம் பல நேரம் தேய்த்து மெலிந்த உட்புறம். மெல்லிய இடத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், என்பதைக் கீழ் எல்லையாகப் பிரிட்டிஷ் வியாபாரிகள் சொல்வார்கள். நான் 25-க்குக் கீழே போகமாட்டேன். இதுவும் குழலின் நடுவிலும் முன்பக்கத்திலும்தான், அறையை ஒட்டிய இடத்தில் இதைவிடப் பல மடங்கு தடிமன் வேண்டும். அப்புறம் அறை நீளம், பூட்டியபின் ஆட்டம் இருக்கிறதா என்பது. குழலைப் பூட்டுகிற எல்.சி. ஸ்மித்தின் சுழல் தாழ் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொண்டு இறுகும், அந்த விஷயத்தில் நல்ல ஏற்பாடு. அதன் பலவீனம் மரத்தில். பக்கத் தகடுகளுக்குப் பின்னால் கட்டையில் மயிரிழை விரிசல் விடுவது இந்தக் கம்பெனிக்கே உரிய நோய். தகட்டின் பின்முனையில் நகத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தட்டுப்படும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்.சி. ஸ்மித் சிரக்யூஸ் நகரத்துக்காரர். துப்பாக்கித் தொழிலை விற்றுவிட்டுத் தட்டச்சு இயந்திரத்துக்கு மாறிப் பெரும்பணம் பண்ணினார், பின்னாளில் ஸ்மித் கொரோனா என்று நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர்களுக்கும் கேள்விப்பட்ட பெயரானது அந்த வழியில் வந்ததுதான். துப்பாக்கியை வாங்கிய ஹண்டர் கம்பெனி நியூயார்க் மாநிலத்து ஃபுல்டன் ஊரில் அதே பெயரில் தொடர்ந்து செய்தது, 1945-இல் மார்லின் வாங்கும்வரை. வயோமிங் மாநிலம் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் எல்.சி. ஸ்மித்தின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணைச் சொல்லி எழுதிக் கேட்டால் உங்கள் துப்பாக்கி என்ன விதமாக எப்போது வெளியே போனது என்று பார்த்துச் சொல்வார்கள். பெரியவரும் அதைப் படிக்கச் சந்தோஷப்படுவார்.

எல்லாம் தேறிவிட்டால் சுடுங்கள். அதன் அறை நீளத்துக்குப் பொருந்துகிற, குறைந்த அழுத்தத் தோட்டாவாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு தோட்டாவில் ஒரு அவுன்ஸ் எடைக்குச் சிறு ஈயக்குண்டுகள் தாராளம். கிரீனர் என்ற பர்மிங்ஹாம் துப்பாக்கிக்காரர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு, தோட்டாவிலுள்ள குண்டுகளின் மொத்த எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கியின் எடை இருக்க வேண்டும் என்று. ஒரு அவுன்ஸ் என்றால் ஆறு பவுண்டு. உங்களுடையது ஏழு பவுண்டுக்கு மேல் இருக்கும், தோளுக்கு நோகாது. வாத்து வேட்டைக்கு மட்டும் யோசித்துச் செய்யுங்கள். 1991 முதல் நாடு முழுக்க நீர்ப்பறவைக்கு ஈயம் கூடாது, அதற்காக எஃகுக் குண்டைப் போட்டால் பழைய குழலின் வாயில் வளையமாகப் புடைத்துவிடலாம். பிஸ்மத் உலோகக் குண்டு போட்ட தோட்டா வாங்குங்கள், விலை கடிக்கும்.

இந்தத் துப்பாக்கி வாழ்ந்த இடம் வட மிச்சிகனின் இளம் ஆஸ்பன் காடு. வெட்டி விட்ட பிறகு நெருங்கி முளைத்த, கைத்தடிமன் மரங்கள், இடையில் ஆல்டர் புதர். கிரௌஸ் நம் கௌதாரிக்குத் தூரத்துச் சொந்தம். காலடியில் இருந்து தடதடவென்று இறக்கையடித்து எழும், எழுந்த கணமே ஒரு மரத்தைக் குறுக்கே வைத்துக்கொண்டு போகும். அதோடு சேர்ந்து கிடைப்பது உட்காக், உள்ளான் இனம். அதன் ஐரோப்பியச் சொந்தம்தான் குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைகளுக்கு வருவது. இந்த இடத்தில் இரட்டைக்குழலின் இரண்டு விசையும் என்ன என்று புரியும். முன்விசை வலக்குழலைச் சுடும், அதன் வாய் தளர்வு, குண்டு சீக்கிரம் விரியும், கிட்ட எழுகிற பறவைக்கு. பின்விசை இடக்குழல், வாய் இறுக்கம், தள்ளிப்போகும் பறவைக்கு. ஒரு விரல் பின்னால் நகர்வதில் முடிவு ஆகிவிடுகிறது, எந்தத் தானியங்கித் துப்பாக்கியும் இதைக் கொடுக்காது. ஆனால் அந்தக் காலத்துக்காரர்களுக்கு இறுக்கமான குழல்மேல் மோகம், உங்களுடையது இரண்டுமே இறுக்கமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்காகக் குழலை அறுக்கவோ கடையவோ விடாதீர்கள், குண்டைப் பரத்துகிற தோட்டா கிடைக்கிறது, அதைப் போடுங்கள். இன்னொன்று, பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளின் மரக்கட்டை கன்னம் பதிகிற இடத்தில் மிகவும் தாழ்ந்திருக்கும், நீங்கள் கீழே கீழே சுடுவீர்கள். களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டு முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

விழுந்த மரத்தைத் தாண்டும்போது துப்பாக்கியை மடித்துத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். இரண்டு குழலும் காலி என்று கூட வருகிறவருக்கும் தெரியும். பாதுகாப்பில் இதற்கு இணையாக வேறு வகைத் துப்பாக்கியில் எதையும் நான் பார்க்கவில்லை.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி, அதைச் சப்பைக்கட்டுக் கட்டித் தாண்டிப்போக நான் தயாரில்லை. உங்கள் துப்பாக்கி பிறந்த காலம் இந்த நாட்டில் பறவைகளைக் கூடைகூடையாகச் சந்தைக்கு அனுப்பிய காலம். 1878-இல் அதே மிச்சிகனில், பெடோஸ்கியில், பயணப் புறாக்களின் பிரமாண்டமான கூடு கட்டும் இடத்தில் வலை போட்டும் சுட்டும் வாரி எடுத்தார்கள். 1914 செப்டம்பரில் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் அந்த இனத்தின் கடைசிப் புறா செத்தது. இதே மாதிரி அழகாகச் செதுக்கிய இரட்டைக்குழல்கள் அந்த வேலையையும் செய்தன. ஆகவே வேலைப்பாடு இருப்பதால் கொலை உயர்ந்ததாகிவிடாது என்று அவரிடம் நான் ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகுதான் 1918-இல் வலசைப் பறவைச் சட்டம், 1937-இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி போட்டுக் காட்டுயிருக்குச் செலவிடும் சட்டம் எல்லாம் வந்தன. இன்று கிரௌஸ் குறைவதற்குப் பெரிய காரணம் இளங்காடு முதிர்ந்துபோவது. உரிமம் எடுத்து, அளவுக்குள் நின்று சுடுகிறவரால் அது அழிவதில்லை.

அவருக்கு என் பதில் இவ்வளவுதான். நான் சுட்ட பறவையை நானே சுத்தம் செய்து சமைத்துச் சாப்பிடுகிறேன். அதன் இரைப்பையைக் கீறிப் பார்ப்பேன், ஆஸ்பன் மொட்டு, க்ளோவர் இலை, ஹாத்தார்ன் பழம், சில நேரம் பெரணித் துண்டு, காலையில் அது எங்கே மேய்ந்தது என்று அப்படியே தெரியும். கடையில் பாலித்தீன் பையில் வருகிற கோழி எனக்கு இவ்வளவு தெரிய விடுவதில்லை. இரண்டே தோட்டா என்பதால் சரியாகப் படாது என்று தோன்றுகிற பறவையை விட்டுவிடப் பழகியிருக்கிறேன். இது அவருக்குப் போதாமல் இருக்கலாம். போதவில்லை என்றால் நீங்கள் அவரை வற்புறுத்த வேண்டாம், துப்பாக்கியையும் வாங்க வேண்டாம்.

வாங்குவதென்றால் வகுப்பு, உரிமம், கன்ஸ்மித் என்ற வரிசையில் போங்கள். கிரௌஸ் பருவம் அங்கே செப்டம்பர் 15-இல் தொடங்கும், அதற்குள் முடிக்க அவசரப்பட வேண்டாம். தடிமனும் அறை நீளமும் எவ்வளவு வந்தது என்று இரண்டு குழலுக்கும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள், எந்தத் தோட்டா என்று சொல்கிறேன்.