ஊற்றுக்குட்டையில் பொன் நிறம் – கடிதம்

வணக்கம் ஐயா,

கொடைக்கானல் மேல்மலையில் கவுஞ்சி பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். எங்கள் காட்டுக்கு மேலே, சோலையை ஒட்டி ஒரு ஊற்றுக்குட்டை இருக்கிறது. ஏழெட்டு வீட்டுக்கு அதுதான் தண்ணீர். தை பிறந்து உறைபனி விழுந்த பிறகு தண்ணீர் தேன் கலந்த மாதிரி நிறம் மாறிவிட்டது. குடத்தில் பிடித்து வைத்தால் வெள்ளரிப்பிஞ்சை நறுக்கிய வாசம். இரண்டு வருடம் முன்பும் இப்படி ஆகித் தானாகவே தெளிந்தது. என் மகன் போனில் பார்த்துவிட்டு, இது ‘கோல்டன் ஆல்கே’, மீனையெல்லாம் கொன்றுவிடும் என்கிறான். ஊர்ப் பெரியவர் ஒருவர் மயில்துத்தம் கரைத்து ஊற்றினால் இரண்டே நாளில் தெளியும் என்கிறார். நீங்கள் பொன்பாசி பற்றி எழுதியபோது அது பாதி செடி, பாதி வேட்டைக்காரன் என்று சொல்லியிருந்தீர்கள். பாசி எப்படி வேட்டையாடும்? மயில்துத்தம் ஊற்றலாமா, வேண்டாமா?

ம., கவுஞ்சி

அன்புள்ள ம.,

ஊற்ற வேண்டாம். காரணத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன். அந்தப் பெரியவரிடம் இதை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.

முதலில் உங்கள் மகனின் பயம். அவர் பார்த்த செய்தி உண்மைதான், ஆனால் அது வேறோர் உயிரைப் பற்றியது. ஆங்கிலத்தில் ‘கோல்டன் ஆல்கே’ என்ற ஒரே பெயரை இரண்டு கூட்டங்களுக்கு வைத்துவிட்டார்கள். மீன்களைக் கொல்வது பிரிம்னீசியம் என்பது. 1985-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பேக்கோஸ் ஆற்றிலும், 2022-ல் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடும் ஓடர் ஆற்றிலும் டன் கணக்கில் மீன் செத்து மிதந்ததற்கு அதுதான் காரணம். அது உப்புத் தண்ணீரை விரும்பும் உயிர். ஓடர் ஆற்றில் சுரங்கக் கழிவின் உப்பு கலந்திருந்தது. சோலைக்குக் கீழே ஊறும் உங்கள் தண்ணீரில் உப்புக்கு ஏது இடம்? பொன்பாசிகள் என்று நான் எழுதியது கிரைசோபைட்டுகளைப் பற்றி. அவை வேறு குலம். மனிதருக்கு நஞ்சு என்று பொதுவாகப் பெயர் எடுத்தவை அல்ல.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நீங்கள் எழுதிய வாசம். வெள்ளரிப்பிஞ்சு என்று எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டீர்கள்! பொன்பாசிகளில் சைனுரா என்று ஒன்று உண்டு. குடிநீர் ஏரிகளைக் கவனிப்பவர்கள் அதை வெள்ளரி வாசத்தை வைத்தே அடையாளம் சொல்வார்கள். அது உவமை மட்டுமல்ல. வெள்ளரிக்காயில் இருக்கும் நானாடையீனால் என்ற அதே பொருளைத்தான் சைனுராவும் வெளிவிடுகிறது. முழு வெள்ளரிக்காயை முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒன்றும் இருக்காது. நறுக்கியதும் வாசம் கிளம்பும். திசு உடையும்போது அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் சிதைந்து அந்தப் பொருள் உண்டாவதால்தான் அப்படி. சைனுராவிலும் செல் உடைந்தால் வாசம் கூடும்.

மயில்துத்தம் செய்வது இதைத்தான், செல்லை உடைப்பது. தண்ணீர் இரண்டு நாளில் தெளிந்து தெரியலாம். ஆனால் பாசியின் உள்ளே அடங்கியிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கும். வாசம் குறைவதற்குப் பதில் ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரம். சுண்ணாம்புச் சத்துள்ள கடினமான தண்ணீரில் தாமிரத்தின் கடுமை ஓரளவு மட்டுப்படும். உங்களுடையதைப் போன்ற மென்னீரில் கொஞ்சம் போட்டாலும் மீன்குஞ்சு, தலைப்பிரட்டை, பாசியைத் தின்னும் நீர்ப்பூச்சி எல்லாவற்றையும் அது தாக்கும். பிறகு அது எங்கும் போய்விடாது, சேற்றில் தங்கிவிடும். உருளைக்கிழங்குக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடித்த அனுபவத்தில்தான் பெரியவர் அப்படிச் சொல்லியிருப்பார். இலையில் அடிப்பதும் குடிக்கிற தண்ணீரில் ஊற்றுவதும் ஒன்றல்ல.

போர்டோ கலவை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உருளைக்கிழங்கு இலையைக் கருக்குகிறதே பைட்டோப்தோரா, 1845-ல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியது, அதைப் பூஞ்சை என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உண்மையில் அது பொன்பாசிக்குத் தூரத்துப் பங்காளி. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கடற்கரையில் ஒதுங்கும் பழுப்புக் கடற்பாசியும், டயாட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகளும் அதே குடும்பம். வயலில் இருக்கும் பூண்டுச் செடிக்கும் பொன்பாசிக்கும் இந்த அளவு உறவுகூடக் கிடையாது. பாசி என்ற சொல்லுக்குள் நாம் எத்தனையோ குலங்களை ஒன்றாக அடைத்து வைத்திருக்கிறோம்.

பாசி எப்படி வேட்டையாடும் என்று கேட்டீர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிறமற்ற ஒற்றைச் செல் உயிர் ஒன்று ஒரு சிவப்புப் பாசியை விழுங்கியது. செரித்துவிடாமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அந்தச் சிவப்புப் பாசிதான் காலப்போக்கில், வெயிலைக் கொண்டு உணவு செய்யும் பசுங்கணிகமாக மாறியது. பொன்பாசியின் பசுங்கணிகத்தைச் சுற்றி நான்கு சவ்வுகள் இருப்பது இந்தப் பழைய விழுங்கலின் தடம். பச்சைச் செடிகளில் இரண்டுதான் இருக்கும். அதாவது வெயிலைச் சாப்பிடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இந்தப் பரம்பரைக்கு வாயால் சாப்பிடும் பழக்கம் இருந்தது. பலவற்றிடம் அது இன்னும் இருக்கிறது.

டைனோபிரையான் என்ற பொன்பாசியைப் பற்றித்தான் நான் அன்று எழுதியிருந்தேன். கண்ணாடிக் குவளை போன்ற கூட்டுக்குள் ஒவ்வொரு செல்லும் உட்கார்ந்திருக்கும். குவளைக்குள் குவளை செருகினாற்போல் ஒரு சிறு மரமே கிளைத்து மிதக்கும். 1986-ல் டேவிட் பேர்ட், ஜேக்கப் கால்ஃப் என்ற இரண்டு கனடா ஆய்வாளர்கள் ஒரு ஏரியில் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு செல் 5 நிமிடத்துக்குச் சுமார் 3 பாக்டீரியா வீதம் விழுங்கிக்கொண்டிருந்தது. அங்கே பாக்டீரியாவைத் தின்னும் நுண்விலங்குகள் எல்லாம் சேர்ந்து தின்பதைவிட இந்தப் ‘பாசி’ அதிகம் தின்ன முடியும் என்று தெரிந்தது. வெயில் இருந்தால் வெயில், இல்லாவிட்டால் இரை. ஸ்புமெல்லா போன்ற சில உறவினர்கள் நிறத்தையே தொலைத்துவிட்டு முழு வேட்டைக்காரர்களாகத் திரும்பிப் போய்விட்டன, அதுவும் பரிணாமத்தில் ஒரு தடவை அல்ல, பல தடவை தனித்தனியாக. 1830-களில் இவற்றுக்குப் பெயர் வைத்த ஜெர்மன் அறிஞர் எரன்பெர்க் இவற்றை விலங்குகள் என்றே எண்ணியதில் எனக்கு வியப்பே இல்லை.

உங்கள் குட்டையில் இருப்பது சைனுரா என்றால், அது பெரும்பாலும் வெயிலையே நம்பி வாழும் வகை. அதன் அழகு வேறு. பல செல்கள் நடுவில் காலைச் சேர்த்துக்கொண்டு ஒரு பந்தாக உருண்டு போகும். ஒவ்வொரு செல்லும் மணற்சத்தான சிலிக்காவில் செய்த செதில்களை உடம்பெங்கும் போர்த்தியிருக்கும், நாட்டு ஓடு வேய்ந்த கூரை போல ஒன்றின் விளிம்பில் இன்னொன்று ஏறி. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராத ஒரு செதிலில் வரி, துளை, முள் எல்லாம் இருக்கும். இந்தச் செதிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். உலகமெங்கும் ஒரே இனம் என்று எண்ணியிருந்த சைனுரா பீட்டர்செனியை மரபணுவோடு சேர்த்துப் பார்த்தபோது அது பல இனங்களாகப் பிரிந்தது. ஆயிரத்துக்கும் மேல் பொன்பாசி இனங்களை இதுவரை விவரித்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை கூடத்தான் செய்யும் என்பது என் எண்ணம்.

சரி, ஏன் உங்கள் குட்டையில்? திண்டுக்கல் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் குளித்திருப்பீர்கள், சோப்பு நுரைக்கவே நுரைக்காது, பானை அடியில் வெள்ளையாகப் படியும். மலையில் ஒரு தேய்ப்பில் நுரை பொங்கும். பழனி மலையும் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோகைட் பாறை, சென்னை பல்லாவரத்துக் கல்லின் இனம். அதிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவது மிகக் குறைவு. சோலை மண்ணில் இலை மட்கி இறங்கும் தண்ணீர் கொஞ்சம் அமிலத்தன்மையோடும் இருக்கும். பொன்பாசிகள் பலவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை அப்படியே எடுத்துக்கொள்ளத்தான் அவற்றுக்குத் தெரியும். காரத்தன்மையுள்ள தண்ணீரில் அந்த வாயு பெரும்பாலும் பைகார்பனேட் என்ற வேறு வடிவத்தில் இருக்கும். மற்ற பாசிகள் பல அதையும் பயன்படுத்திக்கொள்ளும், இவற்றால் முடியாது. அதனால் குளிர்ந்த, மெல்லிய, உரச்சத்து குறைந்த தண்ணீர்தான் இவற்றுக்குப் பிடித்த இடம். உங்கள் ஊற்றில் தை மாதம் இந்த மூன்றும் கூடுகிறது.

அதனால்தான் இந்த நிறத்தை நான் நோயாகப் பார்க்கவில்லை. என் கவலை வேறு. மேல்மலையில் காடு திருத்தி மேலே மேலே பூண்டு போட்டுக்கொண்டே போகிறோம். யூரியாவும் கோழி எருவும் மழையில் வழிந்து குட்டைக்கு வந்தால் பொன்பாசி முதலில் ஒதுங்கிவிடும். அந்த இடத்துக்கு நீலப்பச்சைப் பாசி வரும். அதில் உண்மையிலேயே நஞ்சுள்ள இனங்கள் உண்டு. தண்ணீர் தேன் நிறத்திலிருந்து பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல மாறினால் அன்று பயப்படுங்கள், குடிப்பதை நிறுத்துங்கள், எனக்கும் எழுதுங்கள். குட்டையைச் சுற்றி மேட்டுப்பக்கம் ஒரு பத்தடியாவது புல்லை விட்டு வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாசி போகும்போது வெறுமனே போவதில்லை. செல்லுக்குள்ளேயே சிலிக்காவில் ஒரு சின்னக் குடம் செய்து, அதற்குள் தன்னை அடக்கிக்கொண்டு, ஒற்றை வாயையும் அடைத்துவிடும். நம் பாட்டிமார் விதையைக் குலுக்கையில் போட்டு வாயை மெழுகி வைத்த மாதிரி. அது சேற்றில் இறங்கிக் கிடக்கும், தோதான பருவம் வந்தால் முளைக்கும். இரண்டு வருடம் முன் வந்தது திரும்ப வந்திருப்பது இப்படித்தான் இருக்கும். முளைக்காத குடங்களும் செதில்களும் சேற்றில் அடுக்கடுக்காகத் தங்கிவிடும். 1980-களில் நியூயார்க் மாநில அடிரொண்டாக் மலை ஏரிகளில் எந்த அடுக்கில் எந்த இனத்தின் செதில் எவ்வளவு என்று எண்ணித்தான், ஏரிகள் அண்மைக் காலத்தில் அமிலமானதைக் காட்டினார்கள். வட கனடாவில் ஒரு பழைய எரிமலைக் குழாயில் இருந்த ஏரியின் படிவில் சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சைனுராவின் செதில்களும், மல்லோமோனாஸ் என்ற இன்னொரு பொன்பாசியின் செதில்களும் உடையாமல் கிடைத்தன. அவற்றில் சில இன்று வாழும் இனங்களின் செதில்களிலிருந்து பிரித்தே சொல்ல முடியாதவை. நம் நீலகிரியிலும் சதுப்பு மண்ணைத் தோண்டி, அதிலுள்ள கார்பனின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்களைக் கொண்டு, 20,000 ஆண்டுகளில் இங்கே புல்லும் சோலையும் மாறி மாறிப் பரவிய கதையை ஆர். சுகுமாரும் அவரது கூட்டாளிகளும் 1993-ல் எழுதினார்கள். உங்கள் குட்டையின் அடிச்சேற்றிலும் உங்கள் தாத்தா காலத்துத் தண்ணீர் எழுதி வைத்தது இருக்கும். தூர்வாரும்போது முழுவதையும் வழித்து எடுத்துவிடாதீர்கள்.

நான் கடிதத்தை வைத்துச் சைனுரா என்கிறேன். நீங்களும் சரிபாருங்கள். ஓரத்தில் மாவு போல மஞ்சள் மிதந்தால் அது பைன் மரத்து மகரந்தமாக இருக்கலாம். மேலே எண்ணெய்ப் படலம் போல மினுங்கி, குச்சியால் தொட்டதும் சில்லு சில்லாக உடைந்தால் அது இரும்பை உண்ணும் பாக்டீரியாவின் வேலை. இரண்டும் இல்லாமல் தண்ணீரே நிறமாக இருந்தால் ஒரு டம்ளரில் எடுத்து, மருந்துக்கடை டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். பச்சைப் பாசி மாவுச்சத்தைச் சேர்த்து வைப்பதால் கருநீலமாகும். பொன்பாசியிடம் மாவுச்சத்து இல்லை, நீலம் வராது. அந்தத் தண்ணீரைப் பிறகு கீழே கொட்டிவிடுங்கள்.

குடிக்கிற தண்ணீரை எப்போதும் போலக் கொதிக்க வையுங்கள். பாசிக்காக அல்ல, திறந்த குட்டை என்பதற்காக. மணலும் கரியும் போட்ட பானையில் வடித்தால் வாசம் கொஞ்சம் குறையும்.

அப்புறம், கொடைக்கானலுக்கு வரும்போது எனக்கு ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். என்னிடம் சாதாரண மைக்ரோஸ்கோப் ஒன்று இருக்கிறது, பந்து உருள்வதைப் பார்க்க அது போதும். விடிகாலையில் பிடியுங்கள், முக்கால் பாட்டில் போதும், மேலே காற்று இருக்கட்டும். ஈரத்துணி சுற்றி, பஸ்ஸில் வெயில் படாத பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சூடேறினால் சைனுரா சீக்கிரம் செத்துவிடும். முடிந்தால் மகனையும் கூட்டி வாருங்கள்.