கம்பியில ஓடுறது 0-வும் 1-ம் தானா? நெட்வொர்க் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துல இருந்து வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன். "எந்த கம்பெனி ரூட்டர் வாங்கலாம்"னு கேட்டவங்க மன்னிக்கணும், அதுக்கு நான் பதில் சொல்றதில்ல. கேபிள், சிக்னல், இதுதான் நம்ம பொழப்பு.

காட்பாடி, பொறியியல் மாணவி: அண்ணா, புத்தகத்துல டிஜிட்டல் சிக்னலைச் சதுரம் சதுரமா வரைஞ்சிருக்கு. லேப்ல 100 எம்பிபிஎஸ் லேன் கேபிளை ஆஸிலோஸ்கோப்ல (மின்னழுத்தம் மாறுறதைத் திரையில வரைஞ்சு காட்டுற கருவி) போட்டா மூணு மட்டம் தெரியுது, முனையெல்லாம் மழுங்கிக் கிடக்கு. எது சரி?

ஸ்கோப்ல பார்த்ததுதான் நிஜம்மா. கம்பியில 0-வும் கிடையாது, 1-ம் கிடையாது. மின்னழுத்தம் ஏறுது, இறங்குது, அவ்வளவுதான். அது 0-வா 1-ஆன்னு தீர்ப்பு சொல்றது மறுமுனையில இருக்கிற சிப்.

மூணு மட்டத்துக்குப் பேர் எம்எல்டி-3. பிளஸ், பூஜ்யம், மைனஸ். அனுப்ப வேண்டியது 1-னா அடுத்த மட்டத்துக்கு நகரும், 0-னா இருந்த இடத்துலயே நிக்கும். ஒரு சுற்று முடிய நாலு நகர்வு வேணும். அதனால நொடிக்கு 12.5 கோடி குறி போனாலும், அலையோட அடிப்படை அதிர்வெண் 31.25 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. சாதா செப்புக் கம்பி தாங்குற அளவு அது.

100 எம்பிபிஎஸ்னா நொடிக்கு 10 கோடி பிட் (பிட்னா ஒரு 0 இல்லன்னா ஒரு 1), அதுக்கு ஏன் 12.5 கோடி குறின்னு அடுத்து கேப்பீங்க. தொடர்ந்து 0 வந்தா சிக்னல் அசையாம நிக்கும். அசைவைப் பார்த்துத்தான் வாங்குற பக்கம் தன்னோட கடிகாரத்தைச் சரி பண்ணிக்குது. அசைவு இல்லன்னா எத்தனை 0 போச்சுன்னே அதுக்குத் தெரியாது. அதனால ஒவ்வொரு 4 பிட்டையும், எங்கயாவது கண்டிப்பா 1 வர்ற மாதிரி பொறுக்கி எடுத்த 5 பிட்டா மாத்தி அனுப்புறாங்க. பழைய 10 எம்பிபிஎஸ்ல மான்செஸ்டர் முறை இருந்தது. ஒவ்வொரு பிட்டோட நடுவுலயும் ஒரு புரட்டு. கடிகாரம் தப்பாது, ஆனா அலைவரிசை ரெட்டிப்பா செலவாகும்.

முனை மழுங்குறதுக்குக் காரணம், சதுரத்தோட கூர்மை முழுக்க உயர் அதிர்வெண்கள்ல இருக்கு. நீளக் கம்பி அதைத்தான் முதல்ல தின்னுது. பரீட்சையில மட்டும் சதுரமாவே வரைஞ்சிட்டு வாங்க, மார்க் அங்கதான்.

சத்துவாச்சாரி, ஜெராக்ஸ் கடை: ஜிகாபிட் ஸ்விட்ச், கேட் 6 கேபிள் எல்லாம் போட்டும் கம்ப்யூட்டர்ல 100-ன்னுதான் காட்டுது சார்.

லேன் கேபிள்ல எட்டு கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கின நாலு ஜோடி. அதுல நீலம் இல்லன்னா பிரவுன் ஜோடியில எங்கயோ அறுந்திருக்கு. 100-க்கு ரெண்டு ஜோடி போதும்: பின் 1-2, பின் 3-6. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். ஒவ்வொரு ஜோடியிலயும் அஞ்சு மட்டம், 250 எம்பிபிஎஸ், அதுவும் ஒரே நேரத்துல ரெண்டு திசையிலயும் போகும். தான் அனுப்பினதைத் தானே கழிச்சுட்டு, மிச்சம் இருக்கிறதை எதிர்ப்பக்கத்துச் சிக்னலா எடுத்துக்கும். கூடுதல் ஜோடி ஒண்ணு போனா, பெரும்பாலான சிப்பு சத்தம் போடாம 100-க்கு இறங்கிடும். டிரைவரை மாத்தாதீங்க, விண்டோஸ் திரும்பப் போடாதீங்க. ரெண்டு முனையையும் வெட்டி புதுசா கிரிம்ப் பண்ணுங்க, அதாவது புது கனெக்டரை அழுத்திப் பொருத்துங்க.

வாலாஜாபேட்டை, சிசிடிவி டெக்னீஷியன்: அண்ணா, டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுது. ஆனா லைன் விட்டு விட்டு வருது. கேபிளா, ஸ்விட்சா?

கேபிள்தான் தம்பி, பந்தயம் கட்டுறேன். முனையில கலர் வரிசையைப் பாரு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடின்னு பக்கத்துப் பக்கத்துல கோத்திருப்ப. ரெண்டு முனையிலயும் அதே வரிசைங்கிறதால டெஸ்டர் கண்ணை மூடிட்டு பாஸ் போட்டுடும். ஆனா பின் 3-ல பச்சைவெள்ளை, பின் 6-ல நீலம் உட்கார்ந்திருக்கும். ஒரே சிக்னலோட ரெண்டு பாதி வேற வேற முறுக்குல போகுது.

முறுக்கு இருக்கிறதே ரெண்டு கம்பிக்கும் வெளி இரைச்சல் சமமா படணும்னுதான். வாங்குற சிப் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும், சமமா பட்டது கழிஞ்சுடும். ஜோடி பிரிஞ்சா கழியாது, பக்கத்து ஜோடி பேசுறதும் உள்ள வந்துடும். ஒரு மீட்டர் கேபிள்ல வேலை செய்யும், முப்பது மீட்டர்ல மானத்தை வாங்கும். சரியான வரிசை: ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பிரவுன்வெள்ளை, பிரவுன். பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி நிக்கணும், சூட்சுமமே அதுதான். கனெக்டர் பக்கத்துல முறுக்கை அரை இஞ்சுக்கு மேல பிரிக்காத.

ஆற்காடு: 100 எம்பிபிஎஸ் பிளான், டவுன்லோடு 12-க்கு மேல காட்ட மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?

இல்லீங்க. பிளான்ல இருக்கிறது மெகாபிட், திரையில காட்டுறது மெகாபைட். எட்டால வகுங்க.

ராணிப்பேட்டை, தோல் தொழிற்சாலை மின் பிரிவு: கழிவுநீர் சுத்திகரிப்புல ஆறு ஃப்ளோ மீட்டர், ஆர்எஸ்-485 லைன் (ஒரே முறுக்கு ஜோடியில பல கருவியைக் கோக்குற முறை). பம்பு மோட்டார் ஓடினா ரீடிங் வர்றதில்ல. பேனல்ல இருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனி கேபிள்தான் இழுத்திருக்கோம்.

சார், கடைசி வரியிலயே விடை இருக்கு. ஆர்எஸ்-485-ஐ அப்படி இழுக்கக் கூடாது. ஒரே கேபிள் முதல் மீட்டரைத் தொட்டு, அங்கிருந்து ரெண்டாவது, மூணாவதுன்னு போகணும். கிளை கிளையா விட்டா ஒவ்வொரு முனையிலயும் சிக்னல் மோதித் திரும்பி வரும், வர்றது அடுத்த பிட்டு மேல விழும். லைனோட ரெண்டு கோடியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்க, நடுவுல வேண்டாம். முறுக்கு ஜோடி கேபிளா இருக்கணும், ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க. மோட்டார் டிரைவோட பவர் கேபிளும் இதுவும் ஒரே டிரேயில படுத்திருந்தா முதல்ல அதைப் பிரிங்க. நொடிக்கு 9600 பிட் வேகத்துல 1,200 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும்.

தப்பான அளவு வராம ரீடிங்கே வராம போகுதே, அது ஒரு வகையில நல்லது. இந்த மாதிரி மீட்டர் வழக்கமா பேசுற மொழிக்குப் பேர் மோட்பஸ். அது ஒவ்வொரு செய்தியோட வாலுலயும் சரிபார்ப்பு எண் வெச்சு அனுப்பும். கணக்கு ஒத்துவரலன்னா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடும்.

குடியாத்தம், இல்லத்தரசி: வீட்டு ஃபைபர் ஒரே இழையில இருந்து பல வீட்டுக்குப் பிரியுதாமே. பக்கத்து வீட்டுக்காரங்க எங்களோடதைப் பார்க்க முடியுமா?

வரும்போது எல்லார் டேட்டாவும் எல்லார் பெட்டிக்கும் வருதும்மா, அது உண்மை. ஒளியைப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் வெறும் கண்ணாடிதான், கரண்டு கிடையாது, ஆள் பார்த்துப் பிரிக்காது. ஆனா ஜிபான்ல (இப்படி வீடு வீடா பிரியுற ஃபைபர் முறைக்குப் பேர்) ஏஇஎஸ்ங்கிற ரகசியக் குறியீட்டுப் பூட்டு இருக்கு. உங்க பெட்டி உங்களோடதை மட்டும் திறக்கும். வர்ற ஒளி 1490 நானோமீட்டர், போற ஒளி 1310, அதனால ஒரே இழையில மோதிக்காது. போற பக்கம்தான் சிக்கல். ஒரு இழைக்கு முப்பத்திரண்டு வீடுன்னா, எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்பினா குழம்பிடும். காட்பாடி ஜங்ஷன்ல பல லைன் வண்டியை முறை போட்டு உள்ள விடுற மாதிரி, ஒவ்வொரு வீட்டுக்கும் மைக்ரோ செகண்ட் கணக்குல முறை ஒதுக்குறாங்க. பெட்டியில எல்ஓஎஸ் சிவப்பு எரிஞ்சா ஒளியே வரலன்னு அர்த்தம். வயர் மடங்கியிருக்கான்னு பாருங்க. முனையைக் கழட்டிக் கண்ணுல வெச்சுப் பார்க்காதீங்க, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பாகாயம்: வேலூர்ல இருந்து கேம் ஆடினா பிங் (சிக்னல் சர்வருக்குப் போய் வர்ற நேரம்) 45 மில்லிசெகண்ட் வருது. ஃபைபர்ல ஒளி வேகம்தானே?

கண்ணாடியில ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ.தான். சென்னை 140 கி.மீ., போய் வர ஒன்றரை மில்லிசெகண்ட் கூட ஆகாது. உங்க சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா கடலடி கேபிள் மட்டும் 3,000 கி.மீ.க்கு மேல, அதுக்கே 30 போயிடும். 45 நல்ல கணக்குதான்.

ஆம்பூர், ஷூ குடோன்: ரெண்டு குடோனுக்கு நடுவுல 130 மீட்டர் லேன் கேபிள் போட்டிருக்கோம். கோடை மழை இடியில ரெண்டு போர்ட் போச்சு. கேமராவும் ராத்திரி மட்டும் ஆஃப் ஆகி ஆன் ஆகுது.

பாய், 100 மீட்டர்தான் கணக்கு, அதுக்கு மேல ஓடுறது உங்க அதிர்ஷ்டம். கட்டடத்துக்குக் கட்டடம் செப்பே வேண்டாம். ஃபைபர் இழுத்து ரெண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஒளியை லேன் சிக்னலா மாத்துற பெட்டி) வைங்க, இழை வழியா மின்சாரம் தாவாது. உள்ள இரும்புக் கம்பி இல்லாத ஃபைபரா கேட்டு வாங்குங்க.

கேமரா விஷயம் வேற. இருட்டினதும் அதோட இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், கரண்டு கூடுதலா இழுக்கும். அந்த கரண்டும் லேன் கேபிள் வழியாவே போகுதுன்னா, கேபிள் மட்டமா இருந்தா வோல்டேஜ் வழியிலயே விழுந்து கேமரா அணைஞ்சுடும். கம்பியை பிளேடால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம், மேல செப்பு முலாம். செப்பை விட தடை ஒன்றரை மடங்குக்கு மேல. விலை குறைவா கொடுத்தவர்கிட்டயே அந்த ரீலைத் திருப்பிக் கொடுங்க.