சிட்டகாங் துறைமுகத்தைச் சுத்தம் செய்தது யார்?

‘1972-ல் வங்கதேசக் கடற்படையே சிட்டகாங் துறைமுகத்தைச் சுத்தம் செய்ததா, கட்டுரையில் எழுதலாமா’ என்று கேட்டிருந்தீர்கள். எழுதாதீர்கள். 1971 போரில் போட்ட கடற்கண்ணிகளையும் (நீருக்கடி வெடிகள்) மூழ்கிய கப்பல்களையும் அகற்றியதைத்தான் சுத்தம் என்கிறோம். வங்கதேசக் கடற்படையிடம் அப்போது கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பலே கிடையாது. போர்க்காலத்தில் இருந்த பத்மா, பலாஷ் என்ற பீரங்கிப் படகுகளும் 1971 டிசம்பர் 10 அன்று குல்னா அருகே இந்திய விமானங்கள் தவறுதலாகத் தாக்கியதில் போய்விட்டன. வேதனையான இழப்பு அது.

1972 ஏப்ரல் முதல் 1974 ஜூன் வரை அந்த வேலையைச் செய்தது சோவியத் கடற்படை. கண்ணி வாருவதையும் மூழ்கிய கப்பலைத் தூக்குவதையும் தனித்தனியாக எழுதுங்கள். நாள்களை விழுங்கியது இரண்டாவதுதான்: துறைமுகம் இருக்கும் கர்ணபுலி ஆற்றின் கலங்கல் நீரில் முக்குளிப்பவர் கையால் தடவித்தான் கப்பலின் ஓட்டையடைக்க வேண்டும், ஓதநீரோட்டம் (கடல் ஏற்ற இறக்கத்தால் வரும் நீரோட்டம்) தணியும் நேரம் கொஞ்சம், தோண்டிய இடத்தில் வண்டல் திரும்பச் சேரும்.

வங்கதேசக் கடற்படைக்கு 1974 டிசம்பர் 10-ஐக் குறியுங்கள். அன்றுதான் சிட்டகாங்கில் அதன் ஈசா கான் கடற்படைத் தளம் தொடங்கப்பட்டது.