சிங்கப்பூரில் சினிமா எடுத்த இடங்களை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

தாராளமாக முடியும், ஊரே சின்னதுதானே. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் மரினா பேயில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் காலையில் பாலஸ்டியர், பொழுது சாய்ந்த பிறகு மரினா.

பாலஸ்டியர் ரோட்டிலிருந்து பிரிகிற குட்டிச் சாலை ஜாலான் அம்பாஸ். அங்கே 8ஆம் எண் வளாகம்தான் ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ. 1967இல் மூடினார்கள். பி. ரம்லி நடித்து, பாடி, இயக்கிப் பெரிய ஆளானது இங்கேதான். நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: ஆரம்ப காலத்தில் இங்கே படம் இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ரம்லியை 1948இல் முதன்முதலாகத் திரையில் காட்டியவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950இல் கதாநாயகன் ஆக்கியவர் எல். கிருஷ்ணன். அதனால்தான் அந்தக் காலத்து மலாய்ப் படங்களில் பாட்டும் அழுகையும் மாமியார் கொடுமையும் அப்படியே நம்மூர்ப் படம் மாதிரி இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு ரம்லியின் ‘செனிமான் புஜாங் லாப்போக்’ (1961) படத்தைப் பார்த்துவிடுங்கள். நடிக்க வாய்ப்புத் தேடி மூன்று பேர் ஸ்டூடியோவுக்கு வருவார்கள், வாசலில் சீக்கியக் காவல்காரரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். அந்த ஸ்டூடியோவே இந்த ஸ்டூடியோதான். நான் போனபோது கேட் பூட்டியிருந்தது, வெளியே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. சுற்றிலும் வீடுகள், சத்தமே இல்லாத தெரு. செல்ஃபிக்கு எடுப்பாக ஒன்றும் கிடைக்காது. இருந்தாலும் என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

அடுத்து, எல்லாரும் கேட்கும் ‘நினைத்தாலே இனிக்கும்’. பாலசந்தர் 1979இல் கமலையும் ரஜினியையும் வைத்துப் பெரும்பகுதியை இங்கேதான் எடுத்தார். ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தேடினால் நொந்துபோவீர்கள். இந்த ஊர் எதையும் இருந்த இடத்தில் விட்டுவைக்காது. சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையையே 2002இல் பெயர்த்து 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள். பழைய படத்தில் அது தெரிந்தால், இன்று நாம் பார்க்கிற இடமல்ல அது. மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டல் நிற்கிற நிலமும் கடலை மேடாக்கி எடுத்ததுதான்.

இதைவிட மோசம் ‘செயிண்ட் ஜாக்’. அமெரிக்க இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் 1978இல் அதிகாரிகளிடம் வேறு கதையைச் சொல்லி அனுமதி வாங்கிப் படம்பிடித்தார். விஷயம் தெரிந்ததும் 1980இல் தடை, 2006இல்தான் நீக்கினார்கள். அதில் வருகிற பழைய பூகிஸ் ஸ்ட்ரீட் எண்பதுகளிலேயே இடிபட்டுவிட்டது. இப்போது அந்தப் பெயரில் டீ-ஷர்ட் விற்கிற கடைத்தெரு வேறு. ஆக, அந்தத் தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ (2018). கல்யாணம் நடப்பது சைம்ஸ் என்கிற பழைய தேவாலய வளாகத்தில், விருந்து கரையோரப் பூந்தோட்டங்களில் ராட்சத மரம் மாதிரி நிற்கிற சூப்பர்ட்ரீ கோபுரங்களுக்கு அடியில், கடைசிக் கொண்டாட்டம் மரினா பே சேண்ட்ஸ் மொட்டைமாடியில். கதாநாயகனின் பாட்டி வீடான ‘டயர்சால் பார்க்’ மாளிகையை மட்டும் தேடாதீர்கள். டயர்சால் அவென்யூ என்று ஒரு சாலை இங்கே நிஜமாகவே இருப்பதால் டாக்சி பிடித்துப் போய்ப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த வீட்டை எடுத்தது கோலாலம்பூரின் கார்கோசா செரி நெகாராவில்.

அந்தோணி சென்னின் ‘இலோ இலோ’ (2013) மாதிரிப் படங்கள் பிடிக்குமென்றால் தனியாக எங்கும் போக வேண்டாம். ஏதாவது ஒரு வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடியுங்கள், அதுதான் லொகேஷன்.

மாலையில் சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி 7.45க்கும் 8.45க்கும், காசு கிடையாது. முதல் காட்சியைப் பார்த்துவிட்டு, ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தில் அவர்கள் சாப்பிடுகிற நியூட்டன் உணவங்காடிக்குப் போய்விடலாம். குச்சியில் குத்திச் சுடுகிற சாத்தே வாங்கினால் விலையில் பிரச்சினை இல்லை. நண்டு, இறால் எடைக்கு விலை, ஆர்டர் சொல்வதற்கு முன்பே மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.