மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை "அழகுக்கானது" என்று இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது. இது நியாயமா? இனி என்ன செய்யலாம்?

நியாயம் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தோடு கதை முடிந்துவிடவும் இல்லை.

கேள்வியில் உங்கள் வயது, உயரம், எடை எதுவும் இல்லை. மறுப்புக் கடிதத்தில் "500 கிராம்" என்று ஏதோ எழுதியிருக்கிறது, மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லையாம், இவ்வளவுதான் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும். அமெரிக்காவில் இருக்கிறீர்கள், வேலை வழியாக வந்த இன்சூரன்ஸ், வருஷக்கணக்கில் கழுத்தும் முதுகும் வலிக்கிறது, வெளியில் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் நிலைமையும் அதுவாகத்தான் இருந்தது.

அந்த 500 கிராம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் குறைந்தது அரைக் கிலோ திசுவை வெட்டி எடுத்தால்தான் அது வைத்தியம், அதற்குக் கீழே இருந்தால் அழகு சிகிச்சை. இப்படி ஒரு கோடு போட்ட பாலிசிகள் நிறைய உண்டு. ஐந்தடிப் பெண்ணுக்கும் 500, ஆறடிப் பெண்ணுக்கும் 500. வலி எத்தனை வருஷமாக இருக்கிறது, கை மரத்துப்போகிறதா, தோல் புண்ணாகிறதா என்பதெல்லாம் அப்புறம். தராசு என்ன காட்டும் என்பதுதான் முதல் கேள்வி. அதையும் ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜன் உத்தேசமாகக் கணித்து எழுதித் தர வேண்டும்.

என் உயரம் 160 சென்டிமீட்டர், எடை அப்போது 65 கிலோ. உடையோடு பார்ப்பவர்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. உடைக்குள் இருந்தது எனக்குத்தான் தெரியும். பிராவின் தோள்பட்டி அழுந்தி அழுந்தி இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்திருந்தது. சுண்டு விரலை வைத்தால் அதற்குள் படுக்கும். ராத்திரி முழுக்கக் கழற்றி வைத்தாலும் காலையில் அந்தத் தடம் அப்படியே இருக்கும். புழுக்கமான நாட்களில் மார்புக்கு அடியில் தோலும் தோலும் உரசி வெந்து கசியும், பூஞ்சை பிடிக்கும். களிம்பு தடவி, மெல்லிய பருத்தித் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். மீட்டிங்கில் யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து மேஜை விளிம்பில் பாரத்தை இறக்கி வைத்தால், அந்த ஒரு நிமிஷம் கழுத்துக்கு உயிர் வரும். நடு ராத்திரியில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பேன். இதற்குப் பெயர் அழகுப் பிரச்சினையா?

பிசியோதெரபி, வலி மாத்திரை, அகலப் பட்டி வைத்த பிரா, தோல் டாக்டர் என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். ஒரு பக்கத்துக்குச் சுமார் 400 கிராம் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் உங்கள் உடம்புவாகுக்குப் பொருந்தாது என்று அவர் பட்டென்று சொன்னார். நேர்மையாக 400 என்றே எழுதியும் அனுப்பினார். மறுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வேறு பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் 500-க்குப் பதிலாக "ஷ்னூர் அட்டவணை" என்ற ஒன்றைப் பார்க்கிறார்கள். பால் ஷ்னூர் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் அவரோடு இருந்தவர்களும் 1991-இல் வெளியிட்டது. மற்ற பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் அவர்களுடைய நோயாளிகளின் உயரம், எடை, வெட்டி எடுத்த திசுவின் எடை எல்லாவற்றையும் வாங்கி, இந்தப் பெண் உபாதைக்காக வந்தாரா தோற்றத்துக்காக வந்தாரா என்று அந்த சர்ஜன்களின் கருத்தையும் கேட்டுப் போட்ட கணக்கு அது. உடம்பின் மேற்பரப்பு இத்தனை சதுர மீட்டர் என்றால் இத்தனை கிராமுக்கு மேல் எடுத்தால் மருத்துவத் தேவை என்று அதில் வரும். மேற்பரப்பை நீங்களே கணக்கிடலாம். உயரத்தைச் சென்டிமீட்டரில், எடையைக் கிலோவில் வைத்துப் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். எனக்கு 1.70 வந்தது. அட்டவணையில் 1.70-க்கு நேரே 370 கிராம்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். 370 போதும் என்கிறது அது. என் கணவர் வேலை பார்க்கும் இடத்தில் வேறு ஒரு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், இதே உடம்பு, இதே வலி, இதே 400 கிராம் மருத்துவத் தேவை ஆகியிருக்கும்! அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அந்த அட்டவணைதான் நியாயமானது என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் மாட்டிக்கொண்டவர் என் தோழி. அவருக்கும் என் உயரம்தான், எடை 81 கிலோ. மேற்பரப்பு 1.90 வருகிறது, எனவே அவருக்கு 527 கிராம் வேண்டும். உடம்பு பெருக்கப் பெருக்க வெட்ட வேண்டிய அளவும் ஏறும். போதாததற்கு அவருடைய பாலிசியில் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30-க்குக் கீழே இறங்கினால்தான் விண்ணப்பத்தையே பார்ப்பார்களாம். வேகமாக நடந்தாலே மார்பு குலுங்கி வலிக்கிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது என்று வருகிறவரிடம் முதலில் இளைத்துவிட்டு வா என்றால் எப்படி? இளைத்தாலும் மார்பு கூடவே குறையும் என்று சொல்லவும் முடியாது. கொழுப்பு குறைவாகவும் சுரப்பித் திசு அதிகமாகவும் இருக்கிறவர்களுக்கு மற்ற இடமெல்லாம் வற்றி அது மட்டும் அப்படியே நிற்கும்.

ஷ்னூரே 1999-இல் திரும்ப எழுதி, தன் அட்டவணையை இன்சூரன்ஸ்காரர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டார். போட்டவரே சொல்லியும் விடவில்லை. 2002-இல் கெரிகன், காலின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் குழுவின் ஆய்வு வந்தது. அவர்கள் கிராமை விட்டுவிட்டுப் பெண்களின் உபாதையைக் கேட்டு அளந்தார்கள். எடைக் குறைப்பு, பிசியோதெரபி, விசேஷ பிரா எதுவும் நிரந்தர நிவாரணம் தரவில்லை, ஆபரேஷன் தந்தது என்பதுதான் அதில் கிடைத்த முடிவு. இவ்வளவு வருஷம் கழித்தும் பல பாலிசிகள் மூன்று மாதமோ ஆறு மாதமோ அதே பிசியோதெரபியைச் செய்துவிட்டு வா என்கின்றன.

இந்த இடத்தில் சிலர் கிளம்புவார்கள் என்று தெரியும். ஒரு வரம்பும் இல்லையென்றால் எல்லோரும் அழகுக்காக வந்து நிற்பார்கள், பிரீமியம் எல்லோருக்கும் ஏறும் என்பார்கள். வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவான உபாதைகளை வைத்து வரம்பு போடுங்கள் என்கிறேன். இது ஆசைக்குச் செய்துகொள்கிற ஆபரேஷனும் இல்லை. பெரும்பாலும் காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, பிறகு மார்பின் அடிமடிப்பு நெடுக என்று நங்கூரம் மாதிரித் தழும்பு விழும். காம்பில் உணர்ச்சி குறையலாம். பின்னால் குழந்தை பெற்றால் பால் கொடுப்பதில் சிரமம் வரலாம். இவ்வளவுக்கும் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் பெண்ணைப் பார்த்து உனக்கு என்ன தேவை என்று கேட்பது சரியா?

இன்னொன்றும் சொல்கிறேன், தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்தால், இரண்டும் ஒத்து இருப்பதற்காக மறுபக்கத்தைச் சரிசெய்யும் செலவையும் இன்சூரன்ஸ் ஏற்க வேண்டும் என்று 1998-லேயே அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டது. மிக நல்ல சட்டம், அந்தப் பெண்களுக்கு அது வேண்டும். அதில் மறுபக்கத்தைக் குறைப்பதற்கு யாரும் கிராம் கேட்பதில்லை. தோற்றம் ஒத்திருப்பது ஒரு தேவை என்று ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு வலி ஒரு தேவை என்று ஏன் தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

போட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்களிடமும் கேட்பார்கள். இடுப்புக்கு மேல் துணியில்லாமல், கழுத்துக்குக் கீழே, நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நர்ஸ் அன்பானவர், கதவைத் தாழ்போட்டு, முகம் வராது என்று சொல்லிச் சொல்லித்தான் எடுத்தார். ஆனாலும் அது எங்கோ இருக்கிற, முகம் தெரியாத ஒருவர் பார்த்து, இது வலிக்கிற மார்பா இல்லையா என்று முடிவு செய்வதற்குப் போகிறது. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கும் இருந்தால் அது இயல்புதான்.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் இந்தக் காலத்திலும் ஃபேக்ஸ் அனுப்பு என்கிறார்கள். எந்த வீட்டில் ஃபேக்ஸ் மெஷின் இருக்கிறது? என் தோல் டாக்டரின் கிளினிக்கில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்பார்கள், இன்சூரன்ஸில் கேட்டால் வரவில்லை என்பார்கள். நடுவில் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மரத்துப்போன கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உடம்பு நம்முடையது, காசு கொடுத்ததும் நாம். நம் குறிப்பு நம் கைக்கு வர இவ்வளவு பாடு. அதனால் பூஞ்சைக்கு மருந்து எழுதின சீட்டு முதல் பிசியோதெரபி குறிப்பு வரை எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பாலிசியின் முழு ஆவணத்தை வாங்கிப் பாருங்கள். மார்பகக் குறைப்பே கிடையாது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தால், மருத்துவத் தேவை என்று வாதாடிப் பயனில்லை. அப்போது வேலை தரும் இடத்தின் ஹெச்ஆரிடம்தான் பேச வேண்டும், பெரிய கம்பெனிகளில் பல சமயம் பணம் அவர்களுடையது, இன்சூரன்ஸ் கம்பெனி நிர்வாகம் மட்டுமே செய்கிறது. "தேவை நிரூபிக்கப்படவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் அப்பீல் செய்யுங்கள். மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாள் உண்டு. எந்த விதியை வைத்து மறுத்தார்கள் என்பதையும் உங்கள் கோப்பையும் கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும். அப்பீலைப் பார்க்கும்போது அந்தத் துறையில் தேர்ச்சியுள்ள மருத்துவரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. யாரைக் கேட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

எனக்கு அந்த அப்பீலும் நிற்கவில்லை. அதற்கு மேல் வெளி மறுஆய்வு என்று ஒன்று உண்டு. 2010-இல் வந்த மருத்துவ இன்சூரன்ஸ் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான பாலிசிகளுக்கு அந்த உரிமை இருக்கிறது, கடைசி மறுப்பு வந்து நான்கு மாதத்துக்குள் கேட்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்காத மருத்துவர் பார்ப்பார், அவர் சொல்வது அவர்களைக் கட்டுப்படுத்தும். என் சர்ஜன் அதற்குப் புதுக் கடிதம் எழுதினார். கிராமை முன்னால் வைக்கவில்லை. தோள் பள்ளம், விரல் மரப்பு, தோல் புண், ஒவ்வொன்றையும் எந்த டாக்டர் எப்போது பதிவு செய்தார் என்று வரிசையாக வைத்தார். பிறகு 2002 ஆய்வு, கடைசியில் ஷ்னூர் அட்டவணைப்படியே நான் தேறுகிறேன் என்ற கணக்கு. மறுப்பு ரத்தானது.

ஆபரேஷன் முடிந்தது, இரண்டு பக்கமும் 400-ஐ ஒட்டித்தான் எடுத்தார். கழுத்து வலி போய்விட்டது, விரல் மரப்பதில்லை. தோழியின் விண்ணப்பம் இன்னும் பிஎம்ஐயில்தான் நிற்கிறது, அவருக்காகவும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த திசுவை எடை போட்டுக் குறிப்பில் எழுதுவார்கள், பத்தாலஜி அறிக்கையிலும் அது வரும். சொன்ன கிராமுக்குக் குறைந்தால் முன் அனுமதி கொடுத்த பிறகும் பில்லை மறுக்கும் பாலிசிகள் இருக்கின்றன. அந்தப் பயத்தில் பெண் கேட்டதைவிட அதிகமாக எடுக்க நேர்வதும் உண்டு. எனக்கு வந்த அனுமதியில் கிராம் நிபந்தனை இல்லை. உங்கள் அனுமதிக் கடிதம் வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேதி குறிப்பதற்கு முன் சர்ஜனோடு உட்கார்ந்து பேசி, எவ்வளவு எடுப்பார், குறைந்தால் பில் யார் தலையில் விழும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.